இறுகிப்போன பாத்ரூம் மூடி: தரையை உடைக்காமல் கழற்றுவது எப்படி

பழைய வீட்டுக் குளியலறையில் தண்ணீர் இறங்கச் சுணங்கினால் காரணம் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் போகிற ஓட்டையின் மூடிக்குக் கீழே மயிர், சவர்க்காரக் கட்டி, மண். மூடியைத் தூக்கி அள்ளிப் போட்டால் பத்து நிமிட வேலை. அந்த மூடியை இருபது முப்பது வருடமாக யாரும் தூக்கவில்லை என்றால்தான் வில்லங்கம். திருகோணமலை உவர்மலைப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றில் அப்படி இறுகிக் கிடந்த ஆறு இஞ்சி வார்ப்பிரும்பு மூடியைக் கழற்றிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். வந்து பார்த்த மேசன்மார் எல்லாரும் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: "உது இனி வராது. சுத்திவர உடைச்சுப்போட்டுப் புதுசு வைப்பம்." மேசனுக்கும் கையாளுக்கும் கூலி, சீமெந்து, மணல், மாபிள் (டைல்ஸைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம்) எல்லாம் கூட்டிப் பார்த்தால் இருபதாயிரம் ரூபாவைத் தாண்டிய கணக்கு. காசைக்கூட விடலாம். அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரையை உடைத்தால் அதே நிறத்தில், அதே மினுக்கத்தில் ஒட்டுப்போடத் தெரிந்த கை இன்று கிடைப்பது கஷ்டம். மாபிள் என்றாலும் அதே கதைதான். பழைய டிசைன் எந்தக் கடையிலும் இருக்காது. மூடியின் விலை மிஞ்சிப் போனால் சில ஆயிரம். ஆகவே கீழே சொல்கிற எந்தக் கட்டத்திலும் ஏதாவது ஒன்று உடையத்தான் வேண்டுமென்றால் அது மூடியாக இருக்கட்டும். தரையும், மூடி உட்கார்ந்திருக்கிற சட்டமும் (பிரேம்), கீழே போகிற குழாயும் தப்ப வேண்டும்.

கையில் சுத்தியலை எடுக்கும் முன் குற்றவாளி மூடிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். ஊற்றியவுடனேயே மூடிக்கு மேல் தேங்கி நின்று, பிறகு மெதுவாக ஒரே சீராக இறங்கினால் அடைப்பு மூடியிலோ அதற்கு நேர் கீழோ இருக்கிறது. முதலில் விறுவிறு என்று இறங்கி, கொஞ்ச நேரத்தில் குளுக் குளுக் என்று சத்தத்தோடு திரும்பி மேலே வந்தால் அடைப்பு குழாயில் தள்ளி இருக்கிறது, அல்லது வெளியே கலியில் (குழாய் வந்து விழுகிற சின்னத் தொட்டி), சோக்பிட்டில் (கழிவு நீர் மண்ணுக்குள் ஊறுகிற குழி) இருக்கிறது. மாரி காலத்தில், ஐப்பசி கடைசியிலிருந்து தை வரைக்கும், இங்கே தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர் மேலே ஏறி சோக்பிட் நிரம்பிக் கிடக்கும். அந்த நேரத்தில் மூடியைக் கழற்றினாலும் தண்ணீர் போகாது, வேலை வீண். இந்த வேலைக்குத் தோதான காலம் கச்சான் காற்று அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை. தரை காயும், எண்ணெய் ஊறும், சிலிக்கோன் பிடிக்கும்.

அடுத்தது, மூடியை எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பாதிப் பேர் இதைச் செய்யாமலே நெம்பத் தொடங்குகிறார்கள். தரையைக் கழுவி, துடைத்து, ரோச் லைட்டைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் மூடிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள கோடு நிழலாகத் தெரியும். சுற்றி எங்கேயும் அப்படி ஒரு கோடே இல்லையென்றால் அது மூடியும் சட்டமும் ஒன்றாக வார்த்த வகை. அது கழராது, கழற்றவும் கூடாது. ஓட்டை வழியாகக் கம்பி விட்டுத்தான் துப்புரவாக்க வேண்டும். கோடு தெரிந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு அல்லது சாதாரண இரும்பு. ஒட்டாவிட்டால் ஆணியால் ஓரத்தில் சின்னதாகக் கீறுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெள்ளி நிறமே தொடர்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளாஸ்டிக் என்றால் பார்த்தாலே தெரியும். பிறகு பிடிப்பைப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு குழி இருந்து அதில் சீமெந்தோ அழுக்கோ நிரம்பியிருந்தால் அவை ஸ்குரூத் தலைகள். வட்டமான, ஓரத்தில் இரண்டு வெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மூடி என்றால் பெரும்பாலும் திருகிக் கழற்றுகிற வகை. இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் போதும், மேலே இழுத்தால் வரவே வராது. சதுர மூடியில் ஸ்குரூவும் இல்லை, வெட்டும் இல்லை என்றால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது, அல்லது கீழே நாலு நாக்கு வைத்து அழுத்திப் பூட்டியிருக்கிறது.

ஏன் இப்படி இறுகுகிறது என்பது தெரிந்தால் எந்த மருந்து எங்கே என்பது தானாக விளங்கும். இரும்பு கறள் பிடிக்கும்போது ஊதுகிறது. கறள், தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் அதை நிரப்பி, பிறகு நெருக்கி ஆப்பு அடித்தது போல ஆக்கிவிடும். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில், உப்புக் காற்றில், இது வெளியூரை விடச் சுறுக்காக நடக்கும். இரண்டாவது, கிணற்று நீரின் சுண்ணாம்பு. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிறதென்றால் அதே பொருக்கு அந்த இடைவெளியிலும் இருக்கிறது. சவர்க்காரம் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்தால் கரையாத சாம்பல் நிறப் பசையாகி அதன் மேல் பூசிக்கொள்ளும். கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு மாறிய வீடுகளிலும், முந்தி கிணற்றுத் தண்ணீர் பாவித்த காலத்துப் படிவு அப்படியே கிடக்கும். மூன்றாவது காரணம் மனிதர். மாபிள் பதிக்க வந்தவர் மூடியைக் கழற்றாமல் அதன் ஓரத்துக்கு மேலேயே வெள்ளைச் சீமெந்தை இழுத்துப் பூசிவிட்டுப் போயிருப்பார். என் கணிப்பில் இறுகிய மூடிகளில் பெரும்பங்கு இந்தக் கைவண்ணம்தான். நல்ல செய்தி என்னவென்றால், இதைக் கழற்றுவதுதான் மூன்றிலும் இலகு.

தொடங்கும் முன் ஓட்டையைப் பாதுகாக்க வேண்டும். மூடி கழராத நிலையில் உள்ளே துணி வைக்க முடியாது, ஆனால் மூடியின் கண்கள் பெரிதென்றால் பழைய சாரத்துணியை நீளக் கிழித்து, ஒரு முனையில் நூல் கட்டி, கம்பியால் உள்ளே தள்ளி, நூலை வெளியே விடலாம். கழன்ற ஸ்குரூவும் சீமெந்துத் துண்டும் குழாய்க்குள் விழுந்தால் பிறகு அடைப்பு எடுக்கிற செலவு தனி. மூடியைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த காட்போட்டை மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கைதவறி விழுகிற ஸ்குரூ டிரைவர் ஒரு மாபிளை உடைக்கப் போதும். தேவையான சாமான்: ஹக்சோ பிளேட் இரண்டு, பழைய பல் தூரிகை, கம்பித் தூரிகை, நுனி தேயாத நல்ல ஸ்குரூ டிரைவர், ஒரு கட்டைத்துண்டு, சுத்தியல், கறள் இளக்குகிற ஸ்பிரே ஒன்று, மூக்குக் குறடு. ஸ்குரூ டிரைவரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மெல்லிய மலிவு நுனி பழைய ஸ்குரூவின் வெட்டை உரித்துவிடும், அதற்குப் பிறகு வேலை மூன்று மடங்கு.

முதல் வேலை, மூடியைச் சுற்றியுள்ள அந்தக் கோட்டைத் திறப்பது. ஹக்சோ பிளேட்டின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடி ஆக்கி, பல்லுள்ள பக்கத்தை கோட்டுக்குள் செங்குத்தாக நிறுத்தி, உங்களை நோக்கி மட்டும் இழுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் பிளேட் வளைந்து மாபிள் ஓரத்தைச் சீவிவிடும். வெள்ளைச் சீமெந்து மாவாக வந்துகொண்டே இருக்கும். நிறம் வெள்ளையிலிருந்து காவிக்கு மாறினால் சீமெந்து முடிந்து கறள் தொடங்கிவிட்டது என்று பொருள். சதுர மூடியின் நாலு மூலைகளில்தான் சீமெந்து ஆழமாக இருக்கும், அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு ஆறு இஞ்சி மூடியைச் சுற்றிவர இப்படித் திறக்க ஒரு மணித்தியாலம் பிடிக்கலாம். முழங்கால் நோகும், அலுப்பு வரும், பாதியில் விட்டு உளியை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். இந்த மணித்தியாலத்தில்தான் வேலையின் அரைவாசி முடிகிறது. பழைய வேக்கும் கிளீனர் இருந்தால் தூளை உறிஞ்சலாம், இல்லாவிட்டால் ஈரமில்லாத தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தூள் குழம்பாகி மறுபடி கோட்டுக்குள் இறங்கும்.

சுண்ணாம்புப் படிவுக்கு வினாகிரி. கடையில் விற்கிற சாதாரண வினாகிரியே போதும். துணியை நனைத்து மூடியின் மேல் ஓரத்தோடு பரப்பி, மேலே ஷொப்பிங் பை ஒன்றைப் போட்டு மூடி, இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காய்ப் புளியும் வேலை செய்யும், ஆனால் அவ்வளவு தேசிக்காய்க்குக் கொடுக்கிற காசில் இரண்டு போத்தல் வினாகிரி வாங்கலாம். சின்னச் சின்ன நுரை கிளம்பினால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது. நுரை நின்றதும் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. சீமெந்துத் தரை, மொசைக், உண்மையான சலவைக்கல் எல்லாமே சுண்ணாம்பு கலந்தவை. வினாகிரி அவற்றையும் தின்னும். சிவப்புச் சீமெந்துத் தரையில் ஒரு இரவு வைத்தால் காலையில் மினுக்கம் போய் வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும், அதை எந்தப் பொலிஷும் திருப்பித் தராது. அப்படிப்பட்ட தரையில் துணியைப் பரப்பாமல், ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து கோட்டுக்குள் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளியே வழிந்ததை உடனே துடையுங்கள். மாபிள் என்றால் பயம் குறைவு, மாபிளுக்கு இடையிலுள்ள சீமெந்துக் கோடுகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்து ஊற்றினால் நுரை அழகாக வரும், பலன் குறையும். ஒன்று மற்றதை முறித்துவிடுகிறது.

ஹாட்வெயார் கடையில் "அசிட் அடிச்சா ஒரு நிமிசத்தில வரும்" என்பார்கள். கடும் அசிட் கறளையும் சுண்ணாம்பையும் தின்னும் என்பது சரி, கூடவே சட்டத்தைப் பிடித்திருக்கிற சீமெந்தையும் தின்னும். மூடி கழரும், சட்டமும் ஆடும், பிறகு சட்டத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து கீழே இறங்கும். காற்றோட்டமில்லாத பழைய குளியலறையில் அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும். இன்னொன்று உயிரோடு விளையாடுகிற விடயம்: கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரோ, குளோரின் திரவமோ அதே ஓட்டையில் ஊற்றியிருந்தால் அதன் மேல் அசிட்டோ, கழிப்பறை கழுவுகிற திரவமோ, வினாகிரியோ ஊற்றக் கூடாது. குளோரின் வாயு வரும். முந்தின நாள் என்ன ஊற்றினார்கள் என்று வீட்டில் கேட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே தொடங்குங்கள். அலுமினியச் சட்டம் உள்ள இடத்தில் கோஸ்டிக் சோடாவும் வேண்டாம், கொதித்துத் தெறிக்கும்.

சுண்ணாம்பு போன பிறகுதான் எண்ணெய். முறை மாறினால் எண்ணெய் படிந்த இடத்தில் வினாகிரி ஏறாது. நன்றாகக் காயவிட்டு, கறள் இளக்குகிற ஸ்பிரேயைச் சுற்றிவர கோட்டுக்குள்ளும் ஸ்குரூத் தலைகளிலும் அடியுங்கள். டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கும். அது இல்லாத இடத்தில் மெக்கானிக்மார் காலம் காலமாகப் பாவிக்கிற மண்ணெண்ணெய் பரவாயில்லை, வாசனையைப் பொறுக்க வேண்டும், நெருப்புப் பக்கம் வரக்கூடாது. தின்னர், அசிட்டோன் வேண்டாம். கீழே பிவிசி குழாய் இருந்தால் அதை இளக்கிவிடும். எண்ணெய் தானாக உள்ளே போவது குறைவு. கட்டைத்துண்டை மூடியின் ஓரத்தில் வைத்து, அதன் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். நடுவில் அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும், ஓரத்தில் தட்டினால் கறள் தட்டுகள் வெடித்து எண்ணெய்க்கு வழி விடும். சத்தத்தைக் கவனியுங்கள். இறுகிய மூடி மந்தமாக "தொப்" என்னும். பிடி விட்டதும் அதே அடிக்கு கிணுக்கென்ற ஒலி வரும், ஓட்டை வழியாகக் கறள் தூள் விழுகிற சத்தமும் கேட்கும். மாலையில் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி அடித்துத் தட்டுவது நல்ல ஒழுங்கு. அந்த இரவு வேறு இடத்தில் குளியுங்கள். வீட்டில் முணுமுணுப்பு வரும், தாங்க வேண்டியதுதான். சுடுதண்ணீரும் உதவும், ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிவிசி குழாய் அறுபது பாகை செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். கை பொறுக்கிற சூடு போதும். புளோ லாம்ப் வைத்துச் சுடச் சொல்வார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில், மாபிளுக்குப் பக்கத்தில், பிவிசிக்கு மேலே நெருப்பு பிடிப்பது புத்தி அல்ல.

இனி ஸ்குரூ. இந்த வேலையின் தலைவிதியே இங்கேதான். முதலில் தலையிலுள்ள வெட்டை ஊசியாலோ கூரான ஆணியாலோ அடிவரை தோண்டிச் சுத்தமாக்குங்கள். வெட்டின் அடியில் அரிசியளவு சீமெந்து இருந்தாலும் ஸ்குரூ டிரைவர் முழுதாக இறங்காது, வழுக்கி உரித்துவிடும். நுனியின் அகலம் வெட்டின் முழு நீளத்தையும் நிரப்ப வேண்டும். நுனி உருண்டிருந்தால் அரத்தால் சதுரமாக்குங்கள். டிரைவரை நிறுத்தி, பின்பக்கத்தில் சுத்தியலால் நாலைந்து முறை நறுக்கென்று அடியுங்கள். அந்த அதிர்வில்தான் மரையிலுள்ள கறள் உடைகிறது. பிறகு கழற்றுகிற பக்கம் போகாமல், இறுக்குகிற பக்கமாக மயிரிழை திருப்பப் பாருங்கள், அதன்பிறகு கழற்றுங்கள். மேலே இருந்து உடல் பாரம் முழுவதையும் கொடுத்துக்கொண்டே, டிரைவரின் தண்டைக் குறட்டாலோ ஸ்பானராலோ பிடித்துத் திருப்பினால் கை பலத்தை விடப் பல மடங்கு கிடைக்கும். பாதி சுற்று வந்து மறுபடி இறுகினால் மல்லுக்கட்டாதீர்கள். திரும்ப இறுக்கி, ஒரு துளி எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும். பித்தளை ஸ்குரூ மெல்லியது, ஒரே மூச்சில் முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும்.

இதற்கும் அசையாத ஸ்குரூவுக்கு ஒரு நல்ல வழி, ரேடியோ திருத்துகிறவர்களிடம் இருக்கிற சோல்டரிங் அயன். எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சூடான நுனியை ஸ்குரூத் தலையில் மூன்று நான்கு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சூடு ஸ்குரூவுக்குள் மட்டும் போகும், மாபிளுக்கும் குழாய்க்கும் ஒன்றும் ஆகாது. விரிந்து சுருங்கும்போது கறள் பிடி விடும். ஆறிய பிறகு திருப்புங்கள். வெட்டு உரிந்த நட்சத்திரத் தலை என்றால் சைக்கிள் டியூபில் சின்னத் துண்டு வெட்டி இடையில் வைத்து அழுத்தித் திருப்பினால் சிலவேளை பிடிக்கும். நேர் வெட்டு உரிந்திருந்தால் ஹக்சோ பிளேட்டால் குறுக்கே புதிய வெட்டுப் போடலாம், தலை மூடிக்கு மேலே துருத்தி நின்றால்தான் அது சாத்தியம். எதுவும் சரிவராவிட்டால் தலையைத் துளைத்து எடுத்துவிட வேண்டியதுதான். நடுவில் சென்டர் பஞ்ச் என்கிற கூர் இரும்பால் ஒரு குழி அடித்து, மூன்று மில்லிமீற்றர் பிட்டால் நாலு மில்லிமீற்றர் ஆழம் துளைத்து, பிறகு ஸ்குரூத் தண்டை விட ஒரு சுற்றுப் பெரிய பிட்டைப் போட்டால் தலை மோதிரம் போலக் கழன்று வரும். பிட் மெதுவாகச் சுழல வேண்டும், அழுத்தம் கூட இருக்க வேண்டும், ஒரு துளி எண்ணெய் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவில் வேகமாகச் சுழற்றினால் அந்த இடம் இன்னும் கடினமாகி பிட் மொட்டையாகும். தலை போனால் மூடி விடுபட்டுவிட்டது. மீதித் தண்டு சட்டத்தில் நிற்கும், மூடியை எடுத்த பிறகு வைஸ் கிரிப்பால் (பூட்டிப் பிடிக்கிற குறடு) பிடித்துத் திருப்பலாம்.

ஸ்குரூ போய்விட்டது, மூடி இன்னும் வரவில்லை. எல்லாரும் செய்வது ஒரு பக்கத்தில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்புவது. அப்படி நெம்பினால் மூடி சரிந்து எதிர்ப்பக்க ஓரம் இன்னும் ஆழமாகப் போய் மாட்டிக்கொள்ளும், நெம்புகிற பக்கத்து மாபிள் மூலை பிய்ந்துகொண்டு வரும். மூடி நேர் மேலாக, இரண்டு பக்கமும் சமமாக எழும்ப வேண்டும். இலகுவான முறை மூன்று மில்லிமீற்றர் ஜி.ஐ. கம்பியில் இரண்டு கொக்கி வளைத்து, எதிரெதிர்க் கண்களில் மாட்டி, இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுப்பது. இளகிய மூடி இதற்கே வந்துவிடும்.

வராத மூடிக்கு, கூரை ஷீட்டுக்குப் போடுகிற ஜே போல்ட் இரண்டு வாங்குங்கள். வளைந்த முனை, மறுமுனையில் மரையும் நட்டும் உள்ளது. எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும், விலை கையைக் கடிக்காது. கண் சிறிதென்றால் ஒல்லியான போல்ட் பார்த்து எடுங்கள், கொக்கியைக் கொஞ்சம் கிரைண்டரில் சீவலாம். இரண்டு இஞ்சிச் சதுர மரச்சட்டம் ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, மூடியின் எதிரெதிர் ஓரக் கண்களுக்கு நேராக இரண்டு துளை போடுங்கள். மரச்சட்டத்தின் இரு முனைகளையும் இரண்டு கட்டைகளில் நிறுத்துங்கள். கட்டைகள் மூடியின் பிரேமுக்கு வெளியே, தரையில், பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டிய துண்டின் மேல் நிற்க வேண்டும். கொக்கிகளை மூடிக்குள் விட்டு, மூடியின் தடித்த ஓரக் கம்பியில் மாட்டுங்கள், நடுவிலுள்ள மெல்லிய கம்பியில் மாட்டினால் முறியும். போல்டுகளை மரத்துளை வழியாக மேலே எடுத்து, பெரிய வாஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் கால் சுற்று. கம்பி வீணைத் தந்தி போல விறைத்ததும் இறுக்குவதை நிறுத்தி, மூடியின் ஓரத்தைச் சுற்றிக் கட்டையால் தட்டுங்கள். இழுவையும் அதிர்வும் ஒரே நேரத்தில் விழும்போதுதான் கறள் விடும். சில மூடி "டக்" என்று ஒரேயடியாக எழும்பும், முகத்தைக் குனிந்து வைத்திருக்க வேண்டாம். சில மூடி மயிரளவு எழும்பி நிற்கும். அப்போது எண்ணெய் விட்டு அரை மணித்தியாலம் இழுவையிலேயே விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் மூடியை வெட்டுவதுதான் மிச்சம். நாலு இஞ்சி கிரைண்டரும் ஒரு மில்லிமீற்றர் வெட்டுத் தட்டும் போதும். ஈரக் குளியலறையில் மின் கருவி என்பதால் தரையைத் துணியால் காயத் துடைத்து, ரப்பர்ச் செருப்புப் போட்டு, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திச் சோதித்த பிறகே செருகுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எண்ணெய் அடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள், தீப்பொறி பட்டால் பற்றும். சுற்றிவர, தண்ணீர் சொட்டாமல் பிழிந்த ஈரச் சாக்கு விரியுங்கள், பொறி பட்ட மாபிளில் காவிப் புள்ளி விழுந்தால் போகாது. மூடியின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நாலு வெட்டு, பிரேமுக்கு அரை இஞ்சி முன்னே நிறுத்துங்கள். வார்ப்பிரும்பு என்றால் மீதியை உளியால் உள்நோக்கி ஒரு தட்டுத் தட்டினால் துண்டாக வரும். வட்டமாக வெட்ட முயன்று பிரேமில் பட்டால் அவ்வளவு பாடும் வீண்.

மூடி வந்ததும் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய வார்ப்பிரும்பு மூடிகளில் அடியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று ஒட்டியிருக்கும், அது கீழுள்ள தண்ணீர்க் குழியில் அமிழ்ந்து நாற்றத்தையும் கரப்பானையும் மறிக்கிறது. கிண்ணம் கறள் தின்று ஓட்டையாகியிருந்தால், அல்லது அடிக்கடி அடைக்கிறதென்று யாராவது முறித்து எறிந்திருந்தால், அந்த வீட்டுக் குளியலறை நாறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சில பழைய வீடுகளில் இப்படி நாற்றத்தை மறிக்கிற தண்ணீர்ப் பூட்டே கிடையாது. குழாய் சுவரைத் தாண்டி நேராக வாழைப் பாத்திக்கோ வெளி வடிகானுக்கோ போகும். அங்கே எலியும் பாம்பும் உள்ளே வர அந்த மூடி ஒன்றுதான் தடை. மூடியைக் கழற்றிய இரவு ஓட்டையைத் திறந்து விடாதீர்கள். ஒரு மாபிளைக் கவிழ்த்து மேலே செங்கல் வையுங்கள். குழியில் உள்ளதைக் கையுறை போட்டு அள்ளுங்கள், கம்பியால் குத்தி உள்ளே தள்ள வேண்டாம், தள்ளியது அடுத்த வளைவில் போய் நிற்கும்.

புதிய மூடி வாங்கப் போகும்போது பழைய மூடியை அல்லது அதன் துண்டுகளைக் கையோடு கொண்டு போங்கள். வெளி அளவு மட்டும் போதாது. பிரேமின் உள் அளவு, ஆழம், ஸ்குரூ நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரம், மூன்றும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேயர் காலப் பொருத்துகளில் மரை இஞ்சிக் கணக்கு. அங்கே பதினாறில் மூன்று இஞ்சி ஸ்குரூ இருந்தால் ஐந்து மில்லிமீற்றர் ஸ்குரூ பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், இரண்டு சுற்றுப் போய் இறுகி மரையை நாசமாக்கும். பழைய அளவு கிடைக்காவிட்டால் துளையைப் பெருப்பித்து ஆறு மில்லிமீற்றர் மரை போட்டுவிடுவது நல்லது, லேத் பட்டறையில் மரை வெட்டுகிற டாப் இருக்கும். கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்கிற எல்லாமே தாங்காது. 304 வகை சில மாதத்தில் காவிப் புள்ளி போடும். 316 வகையில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும், விலை கூட. காசு பார்க்கிறவர்களுக்கு நல்ல தடிப்புள்ள பிவிசி மூடியே போதும், கறள் என்ற பேச்சே இல்லை.

பூட்டும்போது பிரேமின் உள்விளிம்பைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று ஆக்கி, மெல்லிதாகக் கிறீஸ் பூசுங்கள், ஸ்குரூ மரையிலும் பூசுங்கள். ஸ்குரூவை விரல் பலத்துக்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். ஓரத்தில் சீமெந்து பூச வருகிற மேசனிடம் "அண்ணை, உதுக்கு மேல ஒண்டும் பூச வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இடைவெளி பெரிதென்றால் பிரேமுக்கும் மாபிளுக்கும் இடையில் சிலிக்கோன் போடலாம், மூடிக்கும் பிரேமுக்கும் இடையில் எதுவுமே கூடாது. மாதம் ஒரு தடவை மூடியைத் தூக்கி வைத்தாலே மறுபடி இறுகாது. ஆட்கள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கிற வீடென்றால் வேறு கவனம் வேண்டும். கச்சான் காலத்தில் குழியிலுள்ள தண்ணீர் வற்றி, கரப்பானுக்கு வழி திறக்கும். பூட்டும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் வற்றுவது சுணங்கும். வீடு பார்க்கிறவர் வரும் நேரமெல்லாம் அதையே திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.